நம்ம வழியை நாமே போட முடியுமா?



வேங்கிக்கால் பகுதிக் குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சொந்தமா ஏதாவது செய்யணும்னு ஆசைதாங்க. ஆனா ஊர் என்ன சொல்லும்? வீட்ல விடுவாங்களா?"

பிறந்த வீட்டில் அப்பா சொல், புகுந்த வீட்டில் கணவர் சொல், வயதான பிறகு மகன் சொல். இதுதான் நமக்குப் போட்டு வைத்த பாதை. இதை மாற்றுவது என்றால் குடும்பத்தை விட்டுப் போவது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நம் வாழ்க்கையைப் பற்றிய முடிவில் நம் சொல்லும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மதுரை மாவட்டம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகாதவர். வயல் கூலி வேலை செய்தவர். கூலிப் பெண்களுக்காக நில உரிமையாளர்களிடம் நேரில் பேசி நியாயம் கேட்டார். தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுவில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேமிக்க வைத்தார். 2001-ல் டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை விருதுக்குப் பிறகும் அவருக்கு வீட்டுக் கஷ்டம் தீரவில்லை. 2024-ல் அது செய்தியாக வந்த பிறகுதான் தமிழக அரசு வீடு கட்டித் தர உத்தரவிட்டது. பேர் கிடைப்பது வேறு, பாதுகாப்பு கிடைப்பது வேறு. ஊருக்காக உழைக்கும்போது நமக்கென்றும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. கடன் நம்ம பேரில், செலவு வேறொருவர் கையில் என்று இருக்கக் கூடாது. தவணை கட்டப் போவது நீங்கள்தானே? எதற்குக் கடன் என்று நீங்களே குழுவில் சொல்லுங்கள்.

2. எடுத்ததும் பெரிய கடன் வேண்டாம். சின்ன உள்கடனில் தொடங்குங்கள். தையலோ, கறவை மாடோ, இட்லிக் கடையோ, மூன்று மாதம் வரவு செலவு எழுதிப் பாருங்கள். லாபம் நின்றால் அடுத்த படி.

3. வங்கிப் பாஸ்புக் உங்கள் பேரில், உங்கள் கையில் இருக்கட்டும்.

4. தனியாகப் போகத் தயக்கமா? இரண்டு உறுப்பினர்களைக் கூட்டிப் போங்கள். கலெக்டர் ஆபீஸ் நம்ம வேங்கிக்காலிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் யாரும் மனு கொடுக்கலாம்.

5. வீட்டில் சண்டையாகப் பேசாமல் கணக்காகப் பேசுங்கள். நோட்டில் வரவைக் காட்டினால் பல வீடுகளில் பேச்சு மாறுகிறது. அப்படியும் அடி, மிரட்டல் என்று போனால் மூடி மறைக்க வேண்டாம். 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழுவிலும் சொல்லுங்கள்.

ஊர் நாலு நாள் பேசும். அந்த நாலு நாளும் பக்கத்தில் நிற்கத்தான் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் "இந்த வருடம் நானே எடுக்கப் போகும் ஒரு முடிவு" என்ன என்று சொல்லுங்கள். அதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.