ஓலைப் பொம்மைக்கு இடுப்பு வைத்த கதை

குழந்தை பொம்மை கேட்டால் கடைக்குப் போகிறோம், காசைக் கொடுக்கிறோம், பொம்மையை வாங்கி வருகிறோம். மூன்றாம் நாள் அதன் கை ஒரு மூலையிலும் கால் ஒரு மூலையிலுமாகக் கிடக்கும்போது, "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை உடைத்துவிட்டாயே!" என்று குழந்தையைக் கோபித்துக்கொள்கிறோம். உண்மையில் குழந்தை செய்தது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. அந்தக் கை எதனால் அசைகிறது என்று பார்க்க ஆசைப்பட்டது; அவ்வளவுதான். அந்த ஆசையைத் தீர்த்துவைக்க உடைப்பதைக் காட்டிலும் நல்ல வழி ஒன்று உண்டு. அங்கம் அசையும் பொம்மையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து வீட்டிலேயே செய்து பார்ப்பதுதான் அது. அதற்கு வேண்டிய சாமானையும், அந்தச் சாமானில் தேர்ந்த கைகளையும், பொம்மையாக நிற்கத் தகுந்த மனிதர்களையும் ஒரே இடத்தில் காண விரும்புகிறவர்கள் பழவேற்காட்டுக்குப் போய் வர வேண்டும்.

ஏரியும் ஓலையும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரி மார்க்கமாகச் சென்றால் பழவேற்காட்டை அடையலாம். நம் தேசத்து உப்பங்கழிகளில் ஒடிஸாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு. ராக்கெட்டுகள் கிளம்பும் அதே தீவுதான். 1613-ம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்திரியா என்ற கோட்டையை அமைத்து, துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டை சிதைந்து போயிற்று. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் சிற்ப வேலைப்பாட்டுடன் இன்னும் நிற்கின்றன. வெகு தூரத்திலுள்ள மெக்ஸிகோ தேசத்தில் வர்ணக் கைக்குட்டைக்கு 'பாலியகாதே' என்று பெயர். நம் பழவேற்காடு அயல்நாட்டார் நாவில் அப்படி உருமாறியிருக்கிறது. இந்த ஊர்க் கைவேலை ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பிரயாணம் செய்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

கப்பலேறிய துணியின் புகழ் பழங்கதையாகிவிட்டது. ஆனால் வேறொரு கைவேலை இந்த ஊர்ப் பெண்களிடம் தங்கியிருக்கிறது. அதுதான் பனையோலைப் பின்னல். முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் பலரும் மற்றச் சமூகத்தாரும் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து, பெட்டியும் கூடையும் கிலுகிலுப்பையும் விளையாட்டுச் சாமான்களும் பின்னுகிறார்கள். பனையின் விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தினால் அது தந்த நிறம் பெறுகிறது. நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஓலையை வேண்டிய அகலத்துக்குக் கிழித்துக்கொள்கிறார்கள். சிவப்பு, பச்சை, ஊதா வேண்டுமானால் சாயம் கரைத்த கொதிநீரில் ஓலையை இட்டு எடுக்கிறார்கள். முதலீடு என்று பார்த்தால் ஒரு கத்தியும் பொறுமையுந்தான்.

அசையும் பொம்மையின் பழைய வரலாறு

கடலோரத்துக் குழந்தைகள் தாங்களே பொம்மை செய்துகொள்வது நேற்று வந்த வழக்கமன்று. சங்கப் பாடல்களில் வரும் நெய்தல் நிலத்துச் சிறுமியர் ஈர மணலால் வண்டற்பாவை செய்து விளையாடுகிறார்கள்; அலை வந்து அதை அழித்துவிட்டுப் போகிறது. கழியோரத்துப் பஞ்சாய்க் கோரையாலும் அவர்கள் பாவை செய்துகொண்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை சொல்கிறது. தேருக்குச் சக்கரம் உருண்டது. பாவைக்குத்தான் கையும் காலும் அசையவில்லை.

அசைகிற பொம்மையும் நம் தேசத்துக்குப் புதிதன்று. நாலாயிரம் வருஷங்களுக்கு முற்பட்ட மொஹஞ்சதாரோவில் தலையை ஆட்டும் சுடுமண் காளை கிடைத்திருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறியாதவர் நம்மில் யார்? தோற்பாவைக் கூத்தில் பாவையின் கைகளைத் தனியே வெட்டி நூலால் பிணைக்கிறார்கள். எல்லாவற்றையும்விட நம் விஷயத்துக்கு நெருங்கிய உறவு வங்காளத்தில் இருக்கிறது. அங்கே திருவிழாச் சந்தைகளில் 'பனையோலைச் சிப்பாய்' என்று பொருள்படும் பெயருடன் ஒரு பொம்மை விற்பார்கள். ஓலையில் உடலும் கைகால்களும் வெட்டி, நூலால் தைத்து, ஒரு குச்சியில் பொருத்தியிருக்கும். குச்சியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் சிப்பாய் கையையும் காலையும் வீசி ஆர்ப்பாட்டம் செய்வான். ஒல்லியான மனிதனை வங்காளிகள் பரிகாசமாக அந்தப் பெயராலேயே அழைப்பதும் உண்டு!

அமெரிக்காவில் 1964-ம் வருஷத்தில் ஹாஸ்ப்ரோ கம்பெனியார் ஜி. ஐ. ஜோ என்ற போர்வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய ஓரடி உயரம். அசையும் உறுப்புகள் 21. பையன்கள் 'பொம்மை' என்றால் வெட்கப்படுவார்கள் என்று எண்ணி, அதற்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று ஒரு புதுப் பெயரையும் சூட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த வியாபாரம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. மேல்நாடுகளில் சில குடும்பங்கள், கடையில் வாங்கிய வீரனின் தலையை மாற்றி, உடையை மாற்றி, வர்ணம் தீட்டித் தங்கள் மனத்துக்குப் பிடித்த வேறொருவனாக்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருக்கின்றன. அந்த உத்ஸாகம் பாராட்டத்தக்கதே. ஆனால் துப்பாக்கி பிடிப்பதற்கென்று அமைந்த கையை என்னதான் மாற்றினாலும் அது வலை பிடிக்குமா?

செய்யும் விதம்

ஓலை வீரனுக்குப் பத்துத் துண்டுகள் வேண்டும். தலை ஒன்று, உடல் ஒன்று, மேற்கை இரண்டு, முன்கை இரண்டு, தொடை இரண்டு, முழங்கால் கீழ்ப்பாகம் இரண்டு. முதலில் இவற்றைப் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. காகிதத்தில் தவறினால் நஷ்டமில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மடிப்பு ஓலை வேண்டும். சோற்றுப் பசை தடவி ஒட்டி, கனமான புஸ்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்துவிட்டால் துண்டு வளையாமல் நிற்கும்.

ஓலையைப் பதப்படுத்துவதில் அவசரம் கூடாது. ஏடு தயாரித்த நம் முன்னோர் ஓலையை நீரில் வேகவைத்து, பின்பு நிழலில் உலர்த்தினார்கள். பொம்மைக்கும் அந்த வழி ஏற்றதே. பழவேற்காட்டில் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் எங்களிடம், "காஞ்ச ஓலையை மடக்காதீங்க ஐயா, வெடிச்சுப் போகும். ஈரத் துணியிலே சுத்தி வெச்சுக்கிட்டு வேலை செய்யுங்க" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் அரைக் கட்டு ஓலையை மிச்சப்படுத்தியது.

பிறகு மூட்டுகள். ஊசியைச் சுடவைத்துத் துளையிட்டு, பருமனான நூலைக் கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இறுகினால் உறுப்பு அசையாது, தளர்ந்தால் தொங்கிவிடும். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டுமானால் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஓலை வில்லை ஒன்றைச் செருகிச் சற்று இறுக்கலாம். கயிற்றை இழுத்தால் கை உயர வேண்டுமானால், மேற்கையின் உள்முனையைத் தோள் துளைக்கு அப்பால் ஒரு விரற்கடை நீட்டிவைத்து, இரு கைகளின் முனைகளையும் முதுகுப்புறத்தில் ஒரு நூலால் இணைத்து, நடுவிலிருந்து இன்னொரு நூலைத் தொங்கவிட வேண்டும். உள்முனை கீழே இறங்கும்போது வெளிமுனை மேலே எழும்பும். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களை உறங்கச் செய்கிற நாங்கள், இந்தப் பொம்மையைக் காட்டினால் அவர்கள் விழித்துக்கொள்கிறார்கள்.

வேலையைப் பகிர்ந்துகொள்வதில்தான் இதன் சுகம் இருக்கிறது. பாட்டி சாயம் காய்ச்சலாம், தாயார் துண்டுகளை வெட்டலாம், பையன் துளையிடலாம், சிறு குழந்தை முகம் எழுதலாம். முகம் கோணலாக இருந்தால் மனிதர் முகம் எல்லாம் கோணல்தானே என்று விட்டுவிடலாம்.

இடுப்பு எங்கே?

ஏரிக்குப் போய்வந்த பிறகு எங்கள் வீட்டுப் பெண் சிப்பாய் வேண்டாம் என்றாள். ஏரியில் பார்த்த ஒரு பாட்டியைச் செய்ய வேண்டும் என்றாள். அது எந்தப் பாட்டி என்று சொல்லியாக வேண்டும்.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. இன்ன ஊரார், இன்ன முறையில், இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஏரியை ஒருவரே வாரிக்கொண்டு போகாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த உரிமை எல்லாருக்கும் கிடையாது. பாடு இல்லாத இருளர் முதலிய ஏழை ஜனங்கள், ஆணும் பெண்ணுமாகத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். பல மணி நேரம் உப்பு நீரில் ஊறுவதால் தோல் வெடிக்கும். சிப்பியும் முள்ளும் விரலைக் கிழிக்கும். நகரத்தில் நாம் இறாலுக்குப் பேரம் பேசும்போது அந்த விரல்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பத்துத் துண்டுகளையும் கோத்து முடித்த பெண், பொம்மையைத் தண்ணீரில் இறக்கப் பார்த்தாள். "அப்பா, பாட்டி குனியவே மாட்டேன் என்கிறாளே!" என்றாள். வாஸ்தவந்தான். முன்புறம் பார்த்து நிமிர்ந்து நிற்கும் சிப்பாயின் கட்டளையை வைத்து நாங்கள் பாட்டியைச் செய்திருந்தோம். சிப்பாய்க்குத் தோளும் முழங்காலும் போதும். பாட்டிக்கு இடுப்பு வேண்டும்; மணிக்கட்டு வேண்டும்; கூடையைக் கடிக்கும் வாயும் வேண்டும். ஆகவே பக்கவாட்டு உருவமாக மறுபடி வரைந்து, உடலை இரண்டாக்கி, நடுவே ஒரு மூட்டு வைத்தோம். வாயில் துளையிட்டுச் சுண்டைக்காய் அளவுக் கூடை ஒன்றை நூலில் தொங்கவிட்டோம். இப்போது பாட்டி குனிந்தாள்.

ஒருவருடைய உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியாமல் அவருடைய பொம்மைக்கு மூட்டு வைக்க முடியாது. வீச்சு வலைக்காரனைச் செய்ய வேண்டுமானால், வலை கையிலிருந்து மட்டும் போவதில்லை, உடம்பு முழுதும் திரும்பிச் சுழன்று அதை அனுப்புகிறது என்று பார்த்திருக்க வேண்டும். கழியூன்றிப் படகு தள்ளுகிறவனுக்கு எந்த முழங்கால் மடங்குகிறது, எந்தக் கால் நீண்டு நிற்கிறது என்று கவனித்திருக்க வேண்டும். ஓலை பின்னுகிற அம்மாளையே செய்ய முயன்றால், அவருக்கு எத்தனை விரல் மூட்டுகள் வைத்தாலும் போதாது என்பது தெரிந்துவிடும். எங்கள் குழந்தைகள் அதுவரை ஏரியை வேடிக்கை பார்த்தார்கள். பொம்மை செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏரியிலுள்ள மனிதர்களைப் பார்த்தார்கள்.

ஓலை இருந்தால்தானே பொம்மை?

இந்த மனிதர்களும் இந்த ஓலையும் என்றைக்கும் இருப்பார்கள் என்று நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைபடும் போதெல்லாம் மீன்வரத்துக் குறைகிறது. மனைகளுக்காகவும் செங்கற் சூளைகளுக்காகவும் தமிழ்நாட்டில் பனைகள் ஏராளமாக வீழ்த்தப்பட்டன. நம் ராஜ்யத்தின் மரம் என்று பெயர் மட்டும் பெற்றிருந்த பனைக்கு 2021-ம் வருஷத்தில் கொஞ்சம் நல்ல காலம் பிறந்தது. அவ்வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது; கலெக்டரின் அநுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் சொல்லிற்று. ஆனால் பனை அவசரப்பட்டு வளரும் மரமன்று. விதைத்தவனுடைய பிள்ளை தலையெடுக்கும் காலத்தில்தான் பனையும் தலையெடுக்கும். அதுவரை ஓலையில் தேர்ந்த விரல்கள் தொழிலை மறக்காமல் இருக்க வேண்டுமே! நாள் முழுதும் பின்னினாலும் கூலி சொற்பம் என்றால், அந்தப் பெண்களின் புதல்வியர் எதற்காக அதைக் கற்றுக்கொள்வார்கள்?

ஆகையால், பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கவும் கல்லறை பார்க்கவும் போகிற குடும்பத்தினர் திரும்புகையில் ஒரு ஓலைப்பெட்டியும், பதப்படுத்திய ஓலைக் கட்டு ஒன்றும் கேட்டு வாங்கி வரலாம். கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுக்கலாம். விடுமுறையில் பத்து நாள் அந்தக் கட்டு வீட்டாரை ஒரே பாயில் உட்காரவைக்கும்.

நவராத்திரிக் கொலுவில் கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியாருக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. குறவன் குறத்திக்கும் பாம்பாட்டிக்கும் உண்டு. அடுத்த கொலுவுக்கு வாயில் கூடையைக் கடித்துக்கொண்டு குனிந்திருக்கும் ஏரிக்கரைப் பாட்டியும் வரட்டும். அவளை எந்தப் படியில் வைப்பது என்பதை அந்தந்த வீட்டுக் குழந்தைகளே தீர்மானித்துக்கொள்ளலாம்.