கூரைக்கு எத்துணைக் காப்பு வேண்டும்?

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிரண்டையும் அளவறிந்து பயன்படுத்த நாம் பழகியிருக்கின்றோம். உலையில் எத்துணை அரிசியிடல் வேண்டும், ஒரு சட்டைக்கு எத்துணைத் துணி வேண்டும் என்பவற்றை எவரும் கணக்கிட்டே செய்வர். உறையுளைப் பொறுத்தவரையில், அதிலும் அதன் கூரையைப் பொறுத்தவரையில், அவ்வளவறிவு நம்மிடம் குறைவு. மழை ஒழுகாதிருந்தாற் போதும் என்பதே கூரைபற்றிப் பெரும்பாலோர் கொண்டுள்ள ஒரே எண்ணம். கூரை வெயிலை மறைக்கின்றது என்பது உண்மையே. வெயிலின் வெப்பத்தை மறைக்கின்றதா என்பது வேறு வினா.

அளவெட்டி மத்தியகோட்டுக்கு வடக்கே 9 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருப்பது. ஆதலாற் சூரியன் ஆண்டுக்கு இருமுறை எமது தலைக்கு நேர்மேலே வருகின்றது. முதன்முறை வருவது ஏப்ரில் மாத நடுப்பகுதியில். சித்திரைப் புத்தாண்டுப் பொங்கலை முற்றத்திற் பொங்கி இறக்கும் அந்நாட்களிலேயே ஞாயிறு உச்சியில் நிற்கின்றது என்க. இரண்டாம் முறை ஓகஸ்ட் இறுதியில். வானந்தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் வெயிலின் வலு ஏறக்குறைய 1,000 உவாற்று. ஒரு மின்னழுத்தி கொள்ளும் வலுவும் அத்துணையே. சாதாரண வீடொன்றின் கூரை நூறு சதுர மீற்றர் ஆயின், நூறு மின்னழுத்திகள் நம் தலைக்குமேல் ஒருங்கே சூடேறி நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

இவ்விடயத்தை யான் ஆராயப் புகுந்தமைக்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எமது வீடும் பூட்டப்பட்டது. மீண்டு வந்து பார்த்தவிடத்துச் சுவர்கள் நின்றன. ஓடும் மரமும் இல்லை. பலரும் செய்தவாறே யாமும் அகப்பட்டதைக்கொண்டு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டுக் குடிபுகுந்தோம். தற்காலிகமாகப் போட்ட அக்கூரை இன்றும் மேற்குப்புற அறையில் இருக்கின்றது. எண்பதைக் கடந்த அன்னையார் பகலெல்லாம் படுத்திருப்பது அவ்வறையிலேயே. மின்விசிறி சுழன்றும், சித்திரை மாதத்து நண்பகலில் அவர் முகம் சிவந்து, பேச்சுத் தளர்ந்து கிடக்கக் கண்டோம். முதியோரின் உடல் வியர்த்துத் தன்னைக் குளிர்விக்கும் ஆற்றலிற் குறைந்தது. ஆகவே இது சௌகரியத்தை மாத்திரம் பற்றிய பேச்சன்று.

இலண்டனில் வாழும் தமையனார் செய்தியறிந்து, தம் வீட்டுப் பரணில் இட்டிருப்பதுபோலக் கண்ணாடிப் பஞ்சை 270 மி.மீ. தடிப்புக்கு இடும்படி கூறிப் பணமும் அனுப்பிவைத்தார். அந்நாட்டிற் பரிந்துரைக்கப்படும் அளவு அதுவே. மரச்சட்டங்களுக்கிடையே 100 மி.மீ. பரப்பி, அதன்மேற் குறுக்காக 170 மி.மீ. பரப்புவர். அன்னையாரின் பொருட்டுச் செய்யும் செலவிற் குறைவு வைத்தல் தகுமோ என்று அவர் கேட்டதில் நியாயமுண்டு. எனினும் அவ்வளவு பஞ்சை வாங்கின் கூரையை மாற்றப் பணம் எஞ்சாது. எனவே 270 வேண்டுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடமையாயிற்று. யான் பௌதிகவியல் கற்றவனல்லன். வெளிவாரிப் பட்டத்திற்குப் பொருளியல் பயின்றவன். ஆயினும் இதற்கு வேண்டிய பௌதிகம் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டதன்று.

வெப்பம் செல்லும் வழிகள் மூன்று: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். இவற்றுள் மேற்காவுகை சூடான வாயு மேலெழுவதால் நிகழ்வது. எமது கூரை மேலே சூடாகவும் அறை கீழே குளிர்ந்தும் இருத்தலின், சூடான வாயு கூரையை ஒட்டியே நின்றுவிடும், கீழே இறங்காது. அவ்வாறாயின் கட்டிலிற் கிடப்பவரைச் சுடுவது யாது? கதிர்வீசலே. கூரையின் அடிப்புறத்திலிருந்து கீழே வரும் வெப்பத்திற் பத்தில் எட்டுப் பங்குக்குக் குறையாதது கதிர்வீசலால் வருவது. அடுப்பங்கரையில் தணலுக்கு எதிரே நிற்பவன் முகத்திற் படும் காங்கை எத்தன்மையதோ அத்தன்மையது இது. மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் கதிரைத் தடுக்காது.

எமது பக்கத்தில் மங்கல அமங்கல நிகழ்ச்சிகளில் வீட்டினுள்ளே முகட்டின்கீழ் வெள்ளை கட்டுவது வழக்கம். அந்நாட்களில் வீடு சற்றுக் குளிர்ந்திருக்கும் என்று முதியோர் சொல்வர். சனக்கூட்டத்தினிடையே குளிர்ச்சியாவது என்று இளமையில் நகைத்ததுண்டு. நகைத்தது தவறு. சூடான பரப்புக்கும் குளிர்ந்த பரப்புக்கும் நடுவே ஒரு திரை நின்றால், கதிர்வீசலாற் செல்லும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பௌதிகவியலார் கண்ட முடிபு. மெல்லிய துணியொன்று அத்துணை செய்யுமாயின், தக்க காப்பு எத்துணை செய்யாது!

இனித் தடிப்புக்கு வருவோம். கடத்தலின் விதியைக் கணித வடிவில் நிறுவியவர் பிரெஞ்சுநாட்டுப் பூரியே. அவரது நூல் 1822 இல் வெளிவந்தது. ஒரு படையின் தடை அதன் தடிப்புக்கு நேர்விகிதம். அதன் கடத்தாற்றுக்கு நேர்மாறு விகிதம். கண்ணாடிப் பஞ்சின் கடத்தாறு, மீற்றருக்குப் பாகைக்கு உவாற்றுக் கணக்கில், ஏறக்குறைய 0.04. உண்மையிற் காப்பது கண்ணாடியன்று. அதன் நார்களுக்கிடையே அசையாது சிறைப்பட்ட வாயுவே. 6 மி.மீ. சீற்றுக்குத் தடையென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

கூரையின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் என்றும், அறைக்காற்று 34 பாகை என்றும் கொள்வோம். எமது அறை 12 சதுர மீற்றர். காப்பு யாதுமின்றேல், உள்ளே இறங்கும் வெப்பம் அண்ணளவாக 1,670 உவாற்று. 25 மி.மீ. பஞ்சு இடின், கூரையின் வெப்பநிலை மாறாதெனக் கொண்டால், அது 390 ஆகும். 50 மி.மீ. இடின் 220, 100 மி.மீ. இடின் 115, தமையனார் கூறிய 270 மி.மீ. இடின் 45. கட்டிலில் மல்லாந்து கிடப்பவர் காணும் பரப்பின் வெப்பநிலையையும் இவ்வாறே கணிக்கலாம். காப்பில்லாதபோது அது 58 பாகை, 25 மி.மீ. உடன் 39, 50 உடன் 37, 100 உடன் 36, 270 உடன் 35க்குச் சற்றுக் குறைவு. 58 பாகைக்கும் 39 பாகைக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளர் மாத்திரமன்றி எவரும் உணர்வர். 37க்கும் 35க்கும் உள்ள வேறுபாட்டை எவருணர்வார்?

முதல் 25 மி.மீ. தடுத்தது 1,280 உவாற்று. அடுத்த 25 தடுத்தது 170. அதன்பின் வரும் 50 தடுப்பது 105. கடைசி 170 மி.மீ. முழுவதும் சேர்ந்து தடுப்பது 70 மாத்திரமே. விலையோ ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரேயளவாய் ஏறுகின்றது. பொருளியல் மாணவர்க்கு இது புதியதன்று. 1815 ஆம் ஆண்டளவில் மால்தஸ், வெஸ்ற், இரிக்காடோ முதலியோர் நிலத்தின் விளைவுபற்றி எழுதிய குறைந்து செல் விளைவு விதியே இது. எமதூர்ச் செம்மண்ணில் வெங்காயம் வைப்போர் அவ்விதியின் பெயரைக் கேட்டறியார். ஆயினும் முதல் வண்டி எருவுக்கு நிலம் தரும் விளைச்சலை நான்காம் வண்டிக்குத் தராதென்பதை அறிந்து, எஞ்சிய எருவை அடுத்த தறைக்குக் கொண்டுபோவர்.

அங்ஙனமாயின் இங்கிலாந்தவர் 270 மி.மீ. இடுவது அறியாமையோ? அன்று. அங்கே வீட்டுக்குள் 20 பாகையும் வெளியே 5 பாகையும், இரவும் பகலும், மாதக்கணக்காக நிற்கும். இழக்கும் ஒவ்வொரு உவாற்றையும் எரிவாயுவாற் காசு கொடுத்து ஈடுசெய்கின்றனர். ஆதலாற் சிறிய மீதமும் ஆண்டுதோறும் சேர்ந்து பெரிதாகும். எமக்கோ கூரை கொதிப்பது நாளொன்றுக்கு ஆறு மணிநேரம். சாளரங்கள் திறந்தே கிடப்பன. காப்பு அறைக்காற்றை வெளிக்காற்றிலும் குளிர்ந்ததாக்காது. கூரையின் கதிரை அகற்றுவது மாத்திரமே அதன் பணி. குளிரூட்டி பூட்டி அடைத்த அறையாயின் கணக்கு வேறு. அங்கே 100 மி.மீ. வரை செல்லலாம்.

கதிரே பகைவன் என்று கண்டபின், தடிப்பைவிடச் சிறந்த படைக்கலம் ஒன்றுண்டு. யோன் லெஸ்லி என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1804 இல் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனையை விளக்கினார். கனவடிவான உலோகப் பெட்டியில் வெந்நீர் நிரப்பி, ஒரு முகத்தைக் கரிபூசியும் ஒரு முகத்தை மினுக்கியும் வைத்தார். நீர் ஒன்றே, ஆயினும் கரிமுகம் மிகுதியாகவும், மினுங்கு முகம் மிகக் குறைவாகவும் கதிர்வீசின. மினுக்கிய அலுமினியத் தாளின் காலற்றிறன் 0.05 அளவினது, அஃதாவது அதே சூட்டிலுள்ள கரும்பரப்பு வீசுவதில் இருபதிலொரு பங்கே வீசும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனையுண்டு. மினுங்கு பக்கம் வெறுவெளியை நோக்கியிருத்தல் வேண்டும். பலகையோடு ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம். வெப்பத்தை நன்கு கடத்தும். மேல்நோக்கி விரிப்பின் செம்மண் தூசு படிந்து சில ஆண்டுகளில் மினுக்கம் போகும். ஆதலின் மினுங்கு பக்கம் கீழ்நோக்க, கைமரங்களின் அடியில், உட்கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுதலே முறை. தாளை வாங்கியவர் பலர் அதனை எங்ஙனம் கட்டுவதென்று கேட்டறியாமல், உட்கூரைப் பலகையின்மேற் பாய்போல விரித்துவிட்டுப் பயனில்லை என்று குறைகூறுவதை யான் கண்டிருக்கின்றேன்.

முன்னோர் இவற்றையெல்லாம் எவ்வாறு தீர்த்தனர் எனின், ஓலையால். பனையோலையைப் பலவடுக்காக வேய்ந்த கூரையில் ஓலைதோறும் வாயு சிறைப்பட்டிருக்கின்றது. கிடுகும் அத்தகையதே. ஓலைவீட்டில் உச்சிவெயில் தெரியாது என்ற பேச்சு வெறும் பழமை பாராட்டலன்று. ஆனால் ஓலை தீப்பற்றும். சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும். கழித்த ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும் என்பது உண்மையாயினும், வேய்வார் கிடைப்பது அரிதாயிற்று. தும்பும் உமியும் நல்ல காவலிகள். எலியும் கறையானும் அவற்றை எம்மினும் விரும்புகின்றன. நுரைப் பொலித்தீன் பலகை இலேசானது, நீர் ஏற்காதது. எரியுந்தன்மையது ஆதலின் மின்கம்பி செல்லுமிடத்து ஆகாது.

கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டோர்க்கு ஒரு சொல். அத்தட்டுப் பகலெல்லாம் வெப்பத்தைச் சேமித்து, இரவில் உறங்கும் வேளையில் வெளிவிடும். காப்பை அதன் மேற்புறத்தில் இட்டு நிழல்செய்தலே தக்கது. உள்ளே ஒட்டுதல் இரண்டாந்தரம். செலவு குறைந்த வழி மேற்பரப்புக்கு வெள்ளையடித்தல்.

அஸ்பெஸ்ரஸ் கூரையினர் அறியவேண்டியது இன்னொன்றுண்டு. அதன் எல்லா வகைகளும் மனிதரிற் புற்றுநோயை விளைப்பன என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. இலங்கையில் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த எடுக்கப்பட்ட முயற்சி, 2017 ஆம் ஆண்டின் இறுதியிலே தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி உருசியா எமது தேயிலையை நிறுத்திவைத்ததைத் தொடர்ந்து தளர்ந்தது. அஸ்பெஸ்ரஸ் தருவதும் அந்நாடே. வண்டைக் குறைகூறிப் பயனில்லை. உடையாது கிடக்கும் சீற்றால் உடனடி ஆபத்துக் குறைவு. துளையிடுதல், அறுத்தல், உரஞ்சிக் கழுவுதல் ஆகியவையே நாரைக் காற்றிற் பரப்புவன. எனவே காப்புத்தாளைக் கட்ட ஆணியைச் சீற்றில் அடிக்கலாகாது. மரத்திலேயே அடித்தல் வேண்டும். வெள்ளையடிக்குமுன் கம்பித் தூரிகையால் உரஞ்சுவதும் ஆகாது. கழற்றுவதாயின் நன்கு நனைத்து, முழுச் சீற்றாகவே இறக்கி, மூக்கு வாயை உரிய முகமூடியால் மூடி, பழைய சீற்றை நொருக்காது அகற்றவேண்டும்.

இத்துணையும் எழுதித் தமையனாருக்கு அனுப்பினேன். 50 மி.மீ. போதும்; மினுங்கு தாள் ஒன்று கட்டுவோம்; முகட்டில் வெப்பக்காற்றுப் போக வழிவிடுவோம்; மிஞ்சும் பணத்தில் அஸ்பெஸ்ரசை இறக்கி ஓடு போடுவோம் என்பது என் முடிபு. "அம்மாவுக்குச் செய்யிறதில நீ கணக்குப் பாக்கிறாய்" என்றார் அவர் தொலைபேசியில். கணக்குப் பார்த்தபடியாற்றான் ஓட்டுக்குப் பணம் கிடைத்தது, அண்ணை, என்றேன். சிறிதுநேரம் பேசாதிருந்து, ஓட்டின் விலையை விசாரித்தார்.

அன்னையார் இப்போது தலைவாசற் பக்கத்து அறைக்கு மாறியிருக்கின்றார். மரவேலை தொடங்கிவிட்டது. ஓகஸ்ட் இறுதியில் ஞாயிறு மீண்டும் உச்சிக்கு வருமுன் ஓடு ஏறிவிடவேண்டும் என்று தச்சரிடம் சொல்லியிருக்கின்றேன். அவர் ஆடிப்பிறப்புக்குப் பின்னரே ஆள் தருவேன் என்கின்றார்.