மடிக்கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல்

மடிக்கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல் என்பது, கணினியின் சேமிப்பு வட்டை முழுவதும் அழித்த பிறகோ, அதை எடுத்துவிட்டு வேறு வட்டு பொருத்திய பிறகோ, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஒன்றைப் புதிதாக ஏற்றும் பணியாகும். பேச்சு வழக்கில் இதனை ‘ஃபார்மட் அடித்து ஓஎஸ் போடுவது’ என்பர். இயங்குதளத்தின் நிறுவல் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் பதிவிறக்கிக் கொள்ளலாம். ஆனால் அந்த வட்டில் மட்டுமே இருந்த படங்கள், ஆவணங்கள், எழுத்துருக்கள் அழிந்துவிட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. ஆகவே இப்பணியில் பாதிக்கு மேல், வட்டை அழிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

தேவைப்படும் சூழல்கள்

வட்டு பழுதாதல், தீநிரல் தாக்குதல், கணினி மிக மெதுவாக இயங்குதல், பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துதல், கணினியைப் பிறருக்கு விற்றல் ஆகியவை பொதுவான காரணங்கள்.

தமிழ்நாட்டில் இத்தேவை பலருக்கும் ஏற்பட ஒரு தனிக் காரணமும் உண்டு. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இக்கணினிகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸ் 7 உடன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் உள்ளிட்ட விருதுநகர் மாவட்டப் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தகைய கணினியே வீட்டின் முதல் கணினி. அண்ணன் அல்லது அக்காவுக்குக் கிடைத்த கணினியைத் தம்பி, தங்கை தொடர்ந்து பயன்படுத்துவதும் வழக்கம்.

எந்த இயங்குதளம்?

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள செயலி ஆகியவை தேவை. 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த கணினிகள் இத்தகுதியைப் பெறா. அவற்றில் லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற எடை குறைந்த லினக்ஸ் வகைகளை நிறுவலாம். இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து கிடைக்கும்.

அழிப்பதற்கு முன்

1. தரவு நகல்: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகள் சி பகுதியில் இருப்பவை. வட்டு முழுவதையும் அழித்தால் டி, இ பகுதிகளும் போய்விடும். எல்லாவற்றையும் வெளி வட்டில் நகலெடுத்து, சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

2. குறியாக்கத் திறவுகோல்: புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பிட்லாக்கர் முறையில் குறியாக்கப்பட்டிருக்கும். அத்தகைய வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் படிக்க 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவை. பெரும்பாலும் இது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல் நினைவில் உள்ளதா என முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

3. விண்டோஸ் உரிமம்: விண்டோஸ் 7 கணினிகளில் உரிம எண் அடிப்புறத்து ஒட்டுவில்லையில் இருக்கும். எழுத்து தேய்வதற்கு முன் படம் எடுத்து வைக்கலாம். விண்டோஸ் 8 முதல், நிறுவனமே விண்டோஸ் ஏற்றி விற்ற கணினிகளில் அந்த எண் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும். ஆகவே வட்டை மாற்றுவதால் உரிமம் போவதில்லை. அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைந்தால் தானே செயல்படும். இதை அறியாதவர்களே பெரும்பாலும் ‘கிராக்’ மென்பொருளை நாடுகின்றனர். அவற்றோடு தீநிரல்களும் உள்ளே வருவதுண்டு.

4. எழுத்துருக்கள்: நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், பட்டாசுப் பெட்டி உறை ஆகியவற்றை வடிவமைக்கும் சிவகாசி போன்ற அச்சு நகரங்களில் இது மிக முக்கியமானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பழைய வடிவமைப்புக் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட போதிலும், அதற்கு முந்தைய கோப்புகள் அச்சகங்களில் இன்றும் புழங்குகின்றன. நாட்காட்டி மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும் ஊரில், ஆடி மாதத்தில் எழுத்துரு தொலைந்தால் இழப்பு பெரிது. எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் தனியே நகலெடுக்க வேண்டும்.

வட்டை மாற்றுதல்

பழைய மடிக்கணினிகளில் 2.5 அங்குல சாட்டா வட்டு பொருந்தும். புதியவற்றில் எம்.2 வகை எஸ்எஸ்டி இருக்கும். இதன் பரவலான அளவு 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். எம்.2 வடிவிலேயே சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உண்டு. கணினி எதை ஏற்கும் என்பதை அறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

கழற்றும்போது மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கலத்தின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். அடுத்த எதிரி நிலைமின்னூட்டம். உடலில் சேர்ந்த மின்னூட்டம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டும்போதுதான் விரலில் சுருக்கென்று தெரியும். மின்னணுச் சில்லுகளோ அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே பழுதாகும். பட்டாசுத் தொழிலில் இதே நிலைமின்னூட்டம் வெடிமருந்தைப் பற்றவைக்கக் கூடியது என்பதால்தான், அங்கே பருத்தி ஆடை அணிவதும், தரையிணைப்புள்ள தகட்டைத் தொட்டு மின்னூட்டத்தை நீக்குவதும் பாதுகாப்பு நடைமுறைகளாக உள்ளன. வட்டை மாற்றுபவரும் நைலான், பாலியெஸ்டர் ஆடையைத் தவிர்த்து, தரையிணைப்புள்ள உலோகப் பொருள் ஒன்றைத் தொட்ட பின் வேலையைத் தொடங்கலாம்.

நிறுவல் பென்டிரைவ்

விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம், குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் ஊடகம் உருவாக்கலாம். லினக்ஸுக்கு ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் போதாது. பென்டிரைவில் முன்பிருந்தவை அழியும். பழைய வட்டு வேலை செய்யும்போதே இதைத் தயாரித்துவிட்டால், பிறர் கணினியைத் தேடி அலைய வேண்டாம்.

நிறுவும் முறை

பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கியவுடன், துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். லெனோவோ, டெல், ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பி கணினிகளில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸ் அமைப்பில் அதை இயக்கி வைக்க வேண்டும்.

விண்டோஸ் நிறுவியில் புதிய வட்டு ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று தெரியும். அதைத் தெரிவு செய்தால் தேவையான பகுதிகள் தாமாக உருவாகும். வட்டே தெரியாவிட்டால் அது பழுது என்று முடிவு கட்டக் கூடாது: 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகள் சிலவற்றில் சேமிப்பகத்துக்கான இயக்கி மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஏற்றிய பின்னரே வட்டு தென்படும். பழைய வெளி வட்டு ஏதும் இணைந்திருந்தால், தவறுதலாக அதை அழித்துவிடாதபடி முதலில் பிடுங்கிவிட வேண்டும்.

இரண்டு இயங்குதளங்களும் வேண்டுமெனில் விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவுவது எளிது. வரிசை மாறினால் லினக்ஸின் துவக்கத் தெரிவு மறைந்துபோகலாம்.

நிறுவிய பின்

முதலில் இணைய இணைப்பு, அடுத்து மேம்படுத்தல்கள், பின்னர் கணினி நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து விடுபட்ட இயக்கிகள் என்ற வரிசை ஏற்றது. வைஃபை வேலை செய்யாவிட்டால் கைபேசியை யுஎஸ்பி கம்பி வழியே இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

தமிழில் தட்டச்சு செய்ய, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இல் மொழி அமைப்புகளிலேயே கிடைக்கிறது. லினக்ஸில் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவினால் போதும். கடைசியாக எழுத்துருக்களையும் கோப்புகளையும் திரும்ப ஏற்றலாம்.

பழைய வட்டு

சுழலும் வன்தட்டில் விரைவு ஃபார்மட் செய்தால் கோப்புகளின் அட்டவணை மட்டுமே அழியும். மேலெழுதப்படும் வரை தரவை மீட்க இயலும். தவறுதலாக அழித்தவருக்கு இது நன்மை: உடனே அந்த வட்டில் எதையும் எழுதாமல் நிறுத்தினால் மீட்க வாய்ப்புண்டு. விற்பவருக்கு இதுவே ஆபத்து; ஆதார் நகலும் வங்கி விவரமும் வாங்குபவர் கைக்குப் போகக்கூடும். எனவே விற்குமுன் வட்டு முழுவதையும் ஒருமுறை மேலெழுதுவது அவசியம். எஸ்எஸ்டியில் டிரிம் என்னும் கட்டளை அழித்த தரவை விரைவில் துடைத்துவிடுவதால், மீட்பு பெரும்பாலும் கைகூடாது. புதிய நிறுவலில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன என்று உறுதியாகும் வரை, கழற்றிய பழைய வட்டை அழிக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பானது.