யூஎஸ்பி மைக்: விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தூரத்தைப் பாருங்க

பாட்காஸ்ட் ஆரம்பிக்கணும், கேம் ஸ்ட்ரீமிங் பண்ணணும், ஆபீஸ் மீட்டிங்ல நம்ம குரல் தெளிவா கேட்கணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் தேடுறது கம்ப்யூட்டர்ல நேரா செருகிப் பேசுற யூஎஸ்பி மைக்கைத்தான். தேட ஆரம்பிச்சா, கண்டென்சரா டைனமிக்கா, 16 பிட்டா 24 பிட்டா, 48 கிலோஹெர்ட்ஸா 192 கிலோஹெர்ட்ஸான்னு கேள்வி மேல கேள்வி வரும். இந்த வீடியோல நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். இதுக்கெல்லாம் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: உங்க வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் இருக்கப் போகுது? இதுக்குப் பதில் தெரிஞ்சா, எந்த மைக் வாங்கணும்ங்கிறதுல பாதி தானா முடிவாயிடும். இதை யோசிக்காம எவ்வளவு பணம் போட்டாலும், ரெக்கார்டிங்ல உங்க குரலுக்குச் சமமா ஃபேன் சத்தமும் எதிரொலியும் வந்து நிக்கும்.

ஏன்னு கணக்கு போட்டே பார்த்துடலாம். வாயிலிருந்து கிளம்புற சத்தம் போகப் போகப் பரவி வலு குறையும். தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபெல் குறையும், பாதியானா 6 டெசிபெல் கூடும். சாதாரணமா ஒருத்தர் பேசுற குரல் 1 மீட்டர் தூரத்துல தோராயமா 60 டெசிபெல் இருக்கும். மானிட்டர் பக்கத்துல, உங்ககிட்ட இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி மைக்கை வச்சா அங்க போய்ச் சேர்றது 64 டெசிபெல். அதே மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தா 74. இன்னும் கிட்ட, அரைச் சாணுக்கு வந்தா 80. இப்ப தலைக்கு மேல ஓடுற ஃபேனை எடுத்துக்கோங்க. அதோட சத்தம் அந்த அறையில 50 டெசிபெல்னு வச்சுக்குவோம். மைக்கை மேஜை மேல ஒரு முழம் நகர்த்தினா ஃபேனுக்கும் மைக்குக்கும் நடுவுல இருக்கிற தூரம் பெருசா மாறாது, அதனால அந்த 50 அப்படியேதான் இருக்கும். ஆக, 60 சென்டிமீட்டர்ல உங்க குரல் ஃபேனைவிட 14 டெசிபெல்தான் மேல. ஒரு சாண்ல 24. அரைச் சாண்ல 30. ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாம, மைக்கை நகர்த்தினதுலயே 16 டெசிபெல் லாபம். விலையைக் கூட்டி இன்னொரு மைக் வாங்கினாலும், அதை அதே தூரத்துல வச்சா இந்த லாபம் கிடைக்காது.

எதிரொலிக்கும் இதே கதைதான். நம்ம வீட்டு அறைகள்ல டைல்ஸ் தரை, பூசின செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. சத்தத்தை உறிஞ்ச மெத்தையும் துணியும்தான் ஏதோ கொஞ்சம் இருக்கும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துல ஒரு காலி அறை, அதுல எதிரொலி அடங்க 1 செகண்ட் ஆகுதுன்னு வச்சுக்குவோம். எல்லாப் பக்கமும் கேட்கிற ஒரு மைக்கை அங்க வச்சா, சுமார் 35 சென்டிமீட்டர் தாண்டினதுமே நேரா வர்ற குரலைவிட சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம் அதிகமாயிடும். முன்பக்கம் மட்டும் நல்லா கேட்கிற மைக்கா இருந்தா அந்த எல்லை கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். பெரும்பாலானவங்க மேஜையில மைக் நிக்கிற இடம் சரியா இந்த எல்லைதான். கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு கேட்கிறவங்க சொல்றதுக்குக் காரணம் இதுதான். மைக்கோட தரத்தைக் குறை சொல்லிப் பலன் இல்ல.

இங்க ஒரு மறுப்பு உடனே வரும். ‘கண்டென்சர் மைக் தெரு சத்தம் வரைக்கும் இழுக்கும், டைனமிக் மைக் இழுக்காது, அதனால டைனமிக் வாங்கினா போதும்’னு பலரும் உறுதியா சொல்றாங்க. ரெண்டும் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா இதுல எவ்வளவு உண்மைன்னு புரியும். கண்டென்சர்ல ரொம்ப மெல்லிசான ஒரு படலம், அதுக்குப் பக்கத்துல ஒரு தகடு. சத்தம் பட்டுப் படலம் அசையும்போது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மின்தேக்கம் மாறும். டைனமிக்ல படலத்தோட பின்பக்கம் ஒட்டின கம்பிச்சுருள் ஒரு காந்தத்துக்குள்ள ஆடும். சுருளோட எடையையும் சேர்த்து ஆட்டணும்ங்கிறதால அதுல வர்ற சிக்னல் சின்னது. அதாவது டைனமிக் ஃபேனையும் குறைவாத்தான் கேட்கும், உங்களையும் குறைவாத்தான் கேட்கும். உங்க குரல் சரியான அளவுக்கு வரணும்னு நீங்க சிக்னலைப் பெருக்குற கெயினைக் கூட்டினா, ஃபேனும் கூடவே ஏறி வரும். எது குரல், எது ஃபேன்னு மைக்குக்குத் தெரியாது. ரெண்டு மைக்கும் ஒரே திசையில கேட்கிற வகையா இருந்து, ஒரே தூரத்துல வச்சு, குரலோட அளவையும் சமமாக்கிட்டா, பின்னணி சத்தம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும்.

அப்படின்னா அனுபவப்பட்ட ஒலிபரப்பாளர்கள் ஏன் டைனமிக்கையே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க? அதுக்கும் நியாயமான காரணம் இருக்கு. ஷ்யூர் நிறுவனம் எஸ்எம்7 மைக்கை 1973ல கொண்டு வந்தது. இன்னைக்கு பாட்காஸ்ட் வீடியோக்கள்ல எங்க பார்த்தாலும் தெரியிற எஸ்எம்7பி, 2001ல வந்த அதோட வாரிசு. இந்த மாதிரி மைக் எல்லாம் வாயை ஒட்டி வச்சுப் பேசுறதுக்கே ஏத்தது. மேல தடிமனான ஸ்பாஞ்ச் உறை, நீட்டிப் பிடிக்கிற கை, முனையில பேசுற வடிவம், எல்லாமே உங்களைக் கிட்ட இழுக்கும். கிட்டப் பேசினா ‘ப’ மாதிரி எழுத்துகள் மைக்ல வெடிக்கும், அதை அந்த உறை தணிக்கும். கூடவே, ஒரு பக்கம் மட்டும் கேட்கிற பெரும்பாலான மைக்ல நெருங்கிப் பேசினா அடிக்குரல் கனமாகும். வானொலி அறிவிப்பாளர் குரல்ல நாம ரசிக்கிற கனத்துல இதுக்கும் பங்கு உண்டு. ஆக டைனமிக் தர்ற நன்மை நிஜம்தான், ஆனா அது நெருக்கத்தோட நன்மை. அதே டைனமிக்கை மானிட்டருக்குப் பக்கத்துல 60 சென்டிமீட்டர்ல நிறுத்திப் பாருங்க. சின்ன சிக்னலை ஏத்துறதுக்கு கெயினை முழுசா திருப்ப வேண்டி வரும், ஃபேன் சத்தத்தோட ‘ஸ்ஸ்’ங்கிற இரைச்சலும் சேர்ந்துக்கும். கிட்ட வைக்க முடியாதவங்களுக்கு கண்டென்சரே மேல்.

பெட்டி மேல அச்சடிச்ச எண்களை வேகமா முடிச்சுடலாம். 16 பிட் ரெக்கார்டிங் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவுல சுமார் 96 டெசிபெல் இடைவெளியைத் தாங்கும். நம்ம அறையில ஃபேனுக்கும் குரலுக்கும் நடுவுல கிடைக்கிறதே 30தான்னு இப்பத்தான் பார்த்தோம். 24 பிட் இருந்தா கெயினைக் கொஞ்சம் தாழ்வா வச்சு, திடீர்னு சிரிச்சா சத்தம் சிதையாம பிடிக்க வசதி, அவ்வளவுதான். 48 கிலோஹெர்ட்ஸ்லயே 24,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பதிவாகும்; மனுஷக் காது கேட்கிறது அதிகபட்சம் 20,000. சாம்சன் க்யூ2யு 48ல நிக்குது, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் 192 வரைக்கும் போகுதுங்கிறதை மட்டும் வச்சு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எண்களைவிட முக்கியம், மைக் எந்தத் திசையில கேட்குதுங்கிறது. 2009ல வந்த ப்ளூ யெட்டியை எடுத்துக்குவோம். குண்டா நிமிர்ந்து நிக்கிற மைக். வலைக்குள்ள மூணு கண்டென்சர் கேப்ஸ்யூல். முன்பக்கம் கம்பெனி முத்திரையும் மியூட் பட்டனும், பின்பக்கம் கெயின் திருகும், திசையை மாத்துற திருகும் இருக்கும். இது பக்கவாட்டுல கேட்கிற மைக். முத்திரை இருக்கிற பக்கம் உங்க வாயைப் பார்க்கணும். மேடை மைக் மாதிரி சாய்ச்சு, உச்சந்தலையைப் பார்த்துப் பேசினா விலை கொடுத்து வாங்கினதுல பாதி வீண். தனியா பேசுறவங்க திசைத் திருகை இதய வடிவக் குறிக்கு, அதாவது கார்டியாய்டுக்கு மாத்தி வச்சுக்கணும். கார்டியாய்டு முன்னால நல்லா கேட்கும், பக்கவாட்டுல 6 டெசிபெல் குறைவா கேட்கும், நேர் பின்னால ரொம்பக் கம்மியா கேட்கும். இந்தப் பின்பக்கம்தான் உங்க ஆயுதம். முனையில பேசுற மைக்கை மோவாய்க்குக் கீழ வச்சு வாயைப் பார்த்து நிமிர்த்தினா அதோட முதுகு கீபோர்டைப் பார்க்கும், தட்டுற சத்தம் அமுங்கும். ஆனா முகம் சீலிங் ஃபேனைப் பார்க்கும். மேல இருந்து தொங்கவிட்டு வாயைப் பார்த்துச் சாய்ச்சா முதுகு ஃபேனுக்கு, முகம் கீபோர்டுக்கு. கேம் ஸ்ட்ரீமர்னா முதலாவது, ஃபேனை நிறுத்த முடியாத பாட்காஸ்டர்னா ரெண்டாவது. ஃபேன் காத்து நேரா மைக்ல அடிச்சா ஒரு உறுமல் வரும், அதுக்கு ஸ்பாஞ்ச் உறை அவசியம்.

‘இதெல்லாம் எதுக்கு, இரைச்சலை நீக்குற சாஃப்ட்வேர் இருக்கே’ன்னு கேட்டா, அது நல்ல கேள்விதான். ஜூம் மாதிரி செயலிகள் ஃபேன் சத்தத்தைத் தாங்களே வடிகட்டுது. என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருக்கிறவங்களுக்கு அதுக்குன்னே தனி மென்பொருள் இருக்கு. ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்தை இவை நல்லாவே நீக்கும். ஆனா குரலும் சத்தமும் சமமா கலந்துட்டா, சத்தத்தோட சேர்த்துக் குரலோட ஓரத்தையும் சீவிடும். சொல்லோட கடைசி எழுத்து காணாமப் போகும். எதிரொலி இன்னும் கஷ்டம், ஏன்னா அதுவும் உங்க குரல்தான். குரல் 30 டெசிபெல் மேல நிக்கும்போது சாஃப்ட்வேர் கொஞ்சமாத் துடைச்சா போதும். 14தான் இருந்தா அது வெட்டியே ஆகணும். அதனால சாஃப்ட்வேர் தூரத்துக்கு மாற்று கிடையாது.

தூரம்தான் முக்கியம்ங்கிறதாலதான், ஆபீஸ் கால் மட்டும் பேசுறவங்க மைக்குக்கே பெரிய செலவு பண்ண வேண்டியதில்லன்னு சொல்றேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் குரல்னா செகண்டுக்கு 11 லட்சம் பிட்டுக்கு மேல. இணைய அழைப்புகள்ல பரவலா ஓடுற, 2012ல தரமாக்கப்பட்ட ஓபஸ்ங்கிற ஒலிச் சுருக்க முறை அதைச் சில பத்தாயிரம் பிட்டாச் சுருக்கித்தான் வழக்கமா அனுப்பும். வாய்க்குப் பக்கத்துல மைக் நீட்டியிருக்கிற வயர் ஹெட்செட் இங்க பல மேஜை மைக்கைத் தோற்கடிச்சிடும். ப்ளூடூத் ஹெட்செட்ல கவனம் வேணும். மைக் வேலை செய்யும்போது பழைய முறையிலயே இயங்குற கருவிகள்ல குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடும்.

‘யூஎஸ்பியே வேண்டாம், எக்ஸ்எல்ஆர் கேபிள்ல இணைக்கிற மைக்கும் அதைக் கம்ப்யூட்டரோட சேர்க்கிற இன்டர்ஃபேஸும்தான் சரி’ங்கிறது இன்னொரு தரப்பு. ஒரே மேஜையில ரெண்டு மூணு பேர் பேசுற பாட்காஸ்ட்னா அவங்க சொல்றது சரி. ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு யூஎஸ்பி மைக்கைச் செருகினா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கடிகாரம். நீண்ட ரெக்கார்டிங்ல ரெண்டு குரலும் கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போகலாம். தனியா பேசுறவங்களுக்கு இந்தச் சிக்கலே இல்ல. பின்னால தேவைப்படும்னு தோணினா ரெண்டு வழியும் இருக்கிற மைக்கா வாங்குங்க. க்யூ2யு, ஏடிஆர்2100எக்ஸ், 2020ல வந்த ஷ்யூர் எம்வி7, விலை குறைஞ்ச வரிசையில ஃபிஃபைன் ஏஎம்8, மாவோனோ பிடி200எக்ஸ் எல்லாமே இந்த ரகம்தான்.

கடைசி மறுப்பு, ‘வீடியோல முகத்தை மைக் மறைக்குதே’ங்கிறது. மைக்கை நீட்டிப் பிடிக்கிற பூம் ஆர்மைக் கீழ இருந்தோ பக்கத்துல இருந்தோ கொண்டு வந்து ஃப்ரேமோட விளிம்புக்கு வெளியில நிறுத்தினா, வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண்ல மைக் மறைஞ்சு நிக்கும். அதுக்கும் வழி இல்லன்னா மைக் ஃப்ரேமுக்குள்ளயே வரட்டும். பார்க்கிறவங்க அதை எப்பவோ ஏத்துக்கிட்டாங்க. குரல் புரியலன்னாதான் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க.

ஆக என்னோட தீர்ப்பு இது. ஒரு சாணுக்குள்ள வச்சுப் பேச முடியும்னா டைனமிக் கார்டியாய்டு வாங்குங்க. அதுக்குமேல தள்ளித்தான் வைக்க முடியும்னா கண்டென்சர் வாங்கி, அறையில திரைச்சீலையும் மெத்தையும் சேருங்க. கால் மட்டும்தான்னா வயர் ஹெட்செட் போதும். மைக்லயே ஹெட்போன் துளையும் மியூட் பட்டனும் இருக்கணும், ஆர்ம்ல திருகுற மரை இருக்கணும். பட்ஜெட் இறுக்கமா இருந்தா மைக்ல ஒரு படி இறங்கி வாங்கி, மிச்சப் பணத்துல பூம் ஆர்மும் ஸ்பாஞ்ச் உறையும் வாங்குங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, நீங்க வழக்கமா உட்கார்ற நாற்காலியில உட்கார்ந்து, மைக் நிக்கப் போற இடத்தை ஒரு ஸ்கேலால அளந்துடுங்க. அந்த அளவு என்னவோ, அதுக்கு ஏத்த மைக்கைத்தான் நீங்க வாங்கணும்.