கண்ணின் வழுவழுப்பு அழுக்கன்று

காலையில் கண்ணோரம் திரளும் பீளையைக் கண்டு கவலையுற்று வருவோர் பலரை நாங்கள் காண்கிறோம். சிலர் விரலாலோ துணி நுனியாலோ அதைக் கண்ணுக்குள்ளிருந்தே இழுத்தெடுக்கின்றனர். அவ்வாறு செய்வது ஏன் தீங்காகும் என்பதை இங்கு விளக்குகிறோம்.

கருவிழியின் மேல் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் கனமுள்ள கண்ணீர்ப் படலம் பரவியுள்ளது. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் அவற்றுள் 3 பங்கு மட்டுமே இது. எண்ணெய் தடவிய தட்டில் நீர் திட்டுத்திட்டாகப் பிரிவதுபோல் இப்படலம் பிரிந்துவிடாமல் காப்பவை மியூசின் என்னும் புரதங்கள். சர்க்கரைச் சங்கிலிகள் செறிந்திருப்பதால் இவை நீரைப் பிடித்து வைக்கின்றன.

இவற்றுள் இரு வகை உண்டு. மியூசின் 1, 4, 16 ஆகியவை கண்ணின் மேற்பரப்புச் செல்களிலேயே ஊன்றி நின்று, கிருமிகள் ஒட்டாதவாறு தடுக்கின்றன. மியூசின் 5ஏசி என்பது வெண்படலத்திலுள்ள கோப்பை வடிவச் செல்கள் சுரப்பது. இது கண்ணீரில் கலந்து தூசியைப் பற்றிக்கொள்கிறது. இமைக்கும்போது மூக்கோரத்திற்குத் தள்ளப்படுகிறது. உறங்கி எழுகையில் காணும் சிறிதளவு பீளை இவ்வாறு ஒதுக்கப்பட்ட கழிவே.

வைட்டமின் ஏ குறைபாடு, ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய், பென்சல்கோனியம் குளோரைடு கலந்த சொட்டு மருந்துகளின் நெடுநாள் பயன்பாடு ஆகியவற்றால் கோப்பைச் செல்கள் குறையலாம். அப்போது நீர் போதிய அளவு சுரந்தாலும் கண்ணில் நிலைப்பதில்லை. “கண்ணீர் வழிகிறதே, இது எப்படி உலர்கண் ஆகும்?” என்று கேட்போருக்கு எங்கள் விடை இதுவே. சாயமிட்டு, இமைக்காதிருக்கச் சொல்லிச் சோதிக்கையில் 10 வினாடிக்குள் படலம் உடைந்தால், அது நிலைகுலைந்துள்ளது என அறிகிறோம்.

உலர்ந்த கண்ணில் பீளை நூல்போல் திரள்வதுண்டு. அதை இழுத்தெடுத்தால் மேற்பரப்பு புண்படும்; புண்பட்ட கண் மேலும் பீளையைச் சுரக்கும்; கை மீண்டும் கண்ணுக்குச் செல்லும். இச்சுழற்சியை நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி.

ஆகவே, கைகளைக் கழுவியபின், கொதித்து ஆறிய நீரில் நனைத்த தூய பஞ்சினால் இமையின் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் இடாதீர்கள். கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. பதப்படுத்தும் பொருள் சேராத மருந்து பொருந்துமா என மருத்துவரிடம் கேளுங்கள். மஞ்சள் அல்லது பச்சை நிறப் பீளை, வலி, ஒளியைக் காணக் கூசுதல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.