"முதலாளி சொன்னாரு, நான் எழுதினேன்"... பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் ஊழியர் என்ன செய்யலாம்? சட்டம் சொல்வது என்ன?

விழுப்புரம் மாவட்டம் அவலூர்பேட்டையில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அறுவடை சமயத்தில் சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இப்படிப்பட்ட ஊர்களில் மண்டி, அரிசி ஆலை, உரக்கடை, அடகுக்கடை என எங்கு போனாலும் கணக்கு எழுத ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பி.காம் முடித்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்ததே என்று சேர்ந்த இளைஞராகவோ பெண்ணாகவோ இருப்பார்.

அவர்களில் பலர் ஒருநாள் இதைக் கேட்டிருப்பார்கள். "இந்த பில்லை மட்டும் கொஞ்சம் மாத்திப் போடும்மா." "மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சு எழுதுப்பா, எல்லாக் கடையிலயும் இதுதான் வழக்கம்."

மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். செய்துவிட்டு நாளை மாட்டிக்கொண்டால், "முதலாளி சொன்னாரு, நான் எழுதினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

முடியாது.

சட்டத்தில் முதலில் வருவதே கிளார்க்தான்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-வது பிரிவு, பொய்க் கணக்கு எழுதுவதைப் பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 477ஏ. யாருக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று சொல்லும்போது எழுத்தர், அலுவலர், பணியாளர் என்ற வரிசையில்தான் தொடங்குகிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்குப் புத்தகத்தையோ கம்ப்யூட்டர் பதிவையோ அழித்தாலும் திருத்தினாலும் பொய்யாக எழுதினாலும் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

"மிரட்டினார்கள், அதனால் செய்தேன்" என்ற வாதத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது ரொம்பக் குறுகலான இடம். அதே சட்டத்தின் 32-வது பிரிவுப்படி, அந்த நிமிடமே உயிர் போய்விடும் என்ற அச்சம் இருந்திருக்க வேண்டும். "நாளையில இருந்து வேலைக்கு வராதே" என்பது அந்தக் கணக்கில் வராது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உண்மையாகவே தெரியாமல் பதிவு செய்தவர் குற்றவாளி ஆகமாட்டார்; ஏமாற்றும் நோக்கத்தை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதேபோல, தவறு நடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது வேறு, அதில் கையெழுத்துப் போடுவது வேறு. "கண்டுக்காதே" என்று தொடங்கும் பேச்சு சில மாதங்களில் "கையெழுத்துப் போடு" என்று மாறுவதுதான் சிக்கல்.

சத்யம் வழக்கில் நடந்தது

இதற்குப் பெரிய உதாரணம் ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7-ம் தேதி, கணக்குகள் பொய்யாக ஊதிப் பெருக்கப்பட்டவை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ஆயிரக்கணக்கான போலி இன்வாய்ஸ்கள் உருவாக்கப்பட்டது சிபிஐ விசாரணையில் தெரியவந்தது. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து 7 ஆண்டு சிறை விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது.

ராஜு, அவருடைய தம்பி, ஆடிட்டர்கள் பெயர் எல்லாம் செய்திகளில் வந்தன. அந்த 10 பேரில் நிதிப் பிரிவின் ஊழியர்களும் இருந்தார்கள், உதவி மேலாளர் நிலையில் இருந்தவர் உட்பட. இது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

விழுப்புரம் பக்கமே ஒரு பாடம்

சத்யம் எல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். 2020 ஆகஸ்டில் வெளிவந்த பி.எம். கிசான் மோசடி நினைவிருக்கிறதா? விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தில், விவசாயிகளே அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களின் பெயர்தான் அதிகம் அடிபட்டது. மோசடித் தொகை 110 கோடி ரூபாய் என்றும், 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட் என்றும் அப்போதைய வேளாண்துறை முதன்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சிபிசிஐடி விசாரித்தது.

அந்த மோசடியின் சாவி, அதிகாரிகளின் லாகின் ஐடியும் பாஸ்வேர்டும். ஒப்பந்த ஊழியர்கள், கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் வரை விசாரணை போனது. எந்த ஐடியில் பதிவு ஏறியதோ, முதல் கேள்வி அந்த ஐடிக்காரருக்குத்தான். தனியார் கடையிலும் இதேதான். உங்கள் பெயரில் இருக்கும் லாகினை முதலாளியின் மகன் பயன்படுத்தினாலும் பதிவில் நிற்பது உங்கள் பெயர்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாளியிடம் சண்டை போட வேண்டியதில்லை. "சார், இதை எப்படிப் போடணும்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பிடுங்க, மறந்துடுவேன்" என்று கேட்கலாம். வாயால் சொல்லத் துணிபவர்களில் பலர் எழுத்தில் தரத் தயங்குவார்கள், பல சமயம் விஷயம் அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், "நீங்க இன்னைக்குச் சொன்னபடி இந்த பில்லை மாத்த எனக்குச் சம்மதமில்லை" என்று பணிவாக நீங்களே ஒரு மெசேஜ் போட்டுவிடலாம். தேதி, யார் சொன்னது, என்ன தொகை என்று வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. கடையின் ஃபைல்களை மொத்தமாக பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். திருட்டுப் புகார் உங்கள் மீதே திரும்பும்.

வெற்று வவுச்சரில் கையெழுத்து, ஓடிபி பகிர்வது, "உன் ஆதார், பான் கொடு, உன் பேர்ல ஒரு ஜிஎஸ்டி எடுத்துக்கலாம்" என்ற பேச்சு, இவை மூன்றுக்கும் உடனே 'இல்லை' சொல்லிவிட வேண்டும். தங்கள் ஆதார், பான் விவரங்களில் யாரோ கம்பெனி நடத்தி, கூலித் தொழிலாளிகளுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த கதைகள் தமிழ்நாட்டில் உண்டு. தீபாவளிக்கு வழக்கமான போனஸ் தவிர "இதுக்காக" என்று தனியாக நீட்டப்படும் கவரும் வேண்டாம். வாங்கிய பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

புகார் எங்கே?

எடைக் குறைப்பு என்றால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. கலப்படம் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை. போலி பில் என்றால் வணிகவரித் துறை. பெரிய கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177-வது பிரிவுப்படி, பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களில் ஊழியர் புகார் சொல்லத் தனி ஏற்பாடு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம்.

அவலூர்பேட்டை மண்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அரசுத்துறை ஊழல்களை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியில் பரிசோதனை விவரங்கள் பொய்யாகத் தயாரிக்கப்படுவதைக் கண்டுபிடித்த தினேஷ் தாக்கூர், 2005-ல் வேலையை விட்ட பிறகுதான் அமெரிக்க அதிகாரிகளுக்கு எழுதினார். 2013-ல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. இடையில் 8 ஆண்டுகள். புகார் கொடுக்க நினைப்பவர்கள் அடுத்த வேலையையும் பார்த்து வைத்துக்கொள்வது கோழைத்தனம் இல்லை.

வேலையை விட்டுத் தூக்கினால்?

1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு இங்கே உதவும். தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். பொய்க் கணக்கு எழுத மறுத்ததை நியாயமான காரணம் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுக்க மாட்டார். அதனால் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று உங்களையே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும்.

சம்பளத்தைக் கையில் வாங்குபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. அங்கே வேலை செய்ததையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத இடங்களில் முதலாளியுடனான வாட்ஸ்அப் பேச்சு, கூகுள் பே-யில் வந்த சம்பளம், உங்கள் கையெழுத்தில் இருக்கும் பில்லின் போட்டோ, இவைதான் அப்போது கைகொடுக்கும்.