சுவிட்ச் எங்கேப்பா?

போன வருஷம் குடும்பத்தோடு ஒரு தீம் பார்க்குக்குப் போனேன். மூணு டிக்கெட்டில் பொங்கல் போனஸ் பாதி காலி! அங்கே யானை காதாட்டியது, முதலை வாய் பிளந்தது. எல்லாம் பொம்மை, முதுகுப் பக்கம் சுவிட்ச். மிருகம் என்றால் அதுதான் என்று பையன் மனசில் பதிந்துவிட்டது.

இந்த வருஷம் பர்ஸ் இளைத்துவிட்டதே! "டிக்கெட் இல்லாத பார்க் ஒண்ணு இருக்குடா" என்று கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏற்றினேன். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், மரக்காணம். ஊரை நெருங்க நெருங்க உப்பளங்கள்.

"ஏங்க, வெயில்ல உப்பு பார்க்கவா கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி. எனக்கு வயிறு கலங்கியது.

ஆட்டோ பிடித்துக் கழுவேலிக் கரைக்குப் போனோம். பெரிய உவர்நீர் ஏரி; 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. பூநாரைகள்! தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை அலகால் வடிகட்டிக்கொண்டிருந்தன.

"தின்கிற பாசியும் கூனியும்தாண்டா அதுக்கு அந்தக் கலரைக் கொடுக்குது!"

பையன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "சுவிட்ச் எங்கேப்பா?" என்றான்.

"கிடையாதுடா. எல்லாம் நிஜம்."

சொல்லி வாய் மூடவில்லை... மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்தது. விரிந்த சிறகில் சிவப்பும் கறுப்பும்! என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"திரும்பி வருமாப்பா?"

"ஏரியை நாம விட்டுவெச்சா வரும்டா."

பஸ்ஸில் மனைவி மெள்ளச் சொன்னாள்: "அடுத்த வருஷமும் இங்கேயே வரலாங்க."

போனஸ் தப்பியது, சார்!